மீதி இரண்டு பாட்டு

தளவாய் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் இசைத்தட்டை, ஒரு பாட்டையும் தாண்டாமல், முன்பக்கமும் பின்பக்கமும் வரிசையாகக் கேட்டு முடித்த சாயங்காலம், அவர் வீட்டுப் பின்சுவரில் ஒரு கதவு இருந்தது, அடுப்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்த உலகம்மாள் புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் பார்த்தாள், பிறகு, "இதுக்குத் தாப்பா உள்பக்கமா வெளிப்பக்கமா?" என்று கேட்டாள்.

தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. திறந்தால் ஓர் அறை. சுண்ணாம்பு வாசம் இன்னும் போகாத, சாமான் ஒன்றும் இல்லாத, மார்கழிக் காலை மாதிரி குளிர்ந்து கிடந்த அறை. அந்தச் சுவருக்கு அப்பால் அதுவரைக்கும் மிளகாய் வற்றல் கொடவுன்தான் இருந்தது. காற்று திரும்பினால் வளவே தும்மும். உலகம்மாள் தெருவைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கொடவுன் இருந்த இடத்தில் கொடவுன் இருந்தது, லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் வந்தால் அறை இருந்த இடத்தில் அறையும் இருந்தது. இரண்டுக்கும் ஒரு தகராறும் இல்லை என்று தெரிந்ததும் அவள் போய் விளக்குமாற்றை எடுத்துவந்து அறையைப் பெருக்கினாள்.

வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரெதிராக வரிசை வீடுகள், நடுவில் ஒரு நீள முற்றம், முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடிபம்பு. தூத்துக்குடி துறைமுகத்துச் சங்கு ஊதினால் கேட்கிற தூரத்தில் அந்த வளவு இருந்தது. வீடு என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஒரே அறைதான், அதிலேயே ஒரு மூலை அடுப்படி. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "நூறு" என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கு ஓர் அறை கூடுதலாகக் கிடைத்தால் அது எப்படி வந்தது என்று யார் கேட்பார்கள்? அதில் என்ன வைக்கலாம் என்றுதான் கேட்டார்கள்.

தட்டுகள் வந்த கதை சின்னதுதான். தளவாய் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். ஆபீசில் அவர் வெறும் கிளார்க் என்றாலும் வளவு முற்றத்தில் அவர் பாட்டுக்கு நீதிபதி, இன்னொரு நீதிபதி எதிர்வீட்டு டெய்லர் பிச்சையா. சாயங்காலம் ஆனால் பிச்சையா தையல் மிஷினை முற்றத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார், தளவாய் ஸ்டூலைப் போட்டுக்கொள்வார், ரேடியோ பாடும், சண்டை ஆரம்பிக்கும். ரெண்டாவது சரணம் முடிகிற இடத்தில் வருவது புல்லாங்குழலா ஷெனாயா, பாடினவருக்கு அன்றைக்கு ஜலதோஷமா இல்லையா, இந்தப் பாட்டு எழுதின பிறகு மெட்டுப் போட்டதா மெட்டுக்கு எழுதினதா என்று இரண்டு பேரும் நெஞ்சு வெடிக்கக் கத்துவார்கள். இருவரும் களைத்த பிறகு வாசல்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும் உலகம்மாளிடம் வழக்கு வரும். "நீங்க சொல்லுங்க மதினி, யாரு சரி?" என்பார் பிச்சையா. அவள் சுளகைப் புடைத்துக்கொண்டே ஒரு தீர்ப்புச் சொல்லுவாள், தோற்றவர் அன்றைக்கு டீ வாங்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பின பிறகு உலகம்மாளின் நாளில் விசேஷம் என்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவளுக்கே அது தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்விடுவதற்காக வீட்டைக் காலி செய்தார். சாமான் அனுப்புகிற காகிதங்களில் கையெழுத்து வாங்கத் தளவாய் போனார். கேப்டன் பேச்சுவாக்கில் பாட்டு பிடிக்குமா என்று கேட்க, "எனக்குத் தெரியாத பாட்டு கெடையாது சார்" என்று தளவாய் சொல்லிவிட்டார். வளவில் அது உண்மையாகவும் இருந்தது. கேப்டன் ஒரு தட்டைச் சுழலவிட்டார். என்ன வாத்தியம், என்ன பாஷை, இது ஆரம்பமா முடிவா, பாடுகிறாளா அழுகிறாளா என்று ஒன்றும் பிடிபடாமல் தளவாய் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். கேப்டன் சிரிக்கவில்லை. ரொம்ப மரியாதையாகத் தட்டை நிறுத்தினார். அந்த மரியாதைதான் தளவாயை அறுத்தது. ஒரு டிரங்குப்பெட்டி நிறையத் தட்டுகளும் ஒரு பிளேயரும் கப்பலில் ஏற்றுகிற செலவுக்குப் பெறாது என்று அவரிடமே வந்து சேர்ந்தன. "எல்லாம் ஒலகம் பூரா கொண்டாடுன ரிக்கார்டு. ஒண்ணே ஒண்ணு, பிச்சுப் பிச்சுக் கேக்காதீங்க" என்றார் கேப்டன்.

இதுதான் அந்த ஊருக்குப் புதிது. தூத்துக்குடியில் பாட்டு என்றாலே பிச்சுக் கேட்பதுதான். காசெட் கடைக்குப் போய் இந்தப் படத்தில் ஒன்று, அந்தப் படத்தில் ஒன்று என்று பொறுக்கிப் பதிந்து வாங்குவார்கள். கல்யாண வீட்டு மைக் செட்காரர் பாட்டு இழுவையாக இருந்தால் முள்ளைத் தூக்கி அடுத்த பாட்டில் வைப்பார், வைக்காவிட்டால் பந்தியிலிருந்தே ஆள் எழுந்து வரும். ஒரு தட்டை, பிடிக்காத பாட்டையும் சேர்த்து, அவன் வைத்த வரிசையிலேயே கேட்பது என்பது தளவாய்க்கு விரதம் இருப்பது மாதிரி இருந்தது. விரதம் என்று ஆன பிறகு மனுசன் விடுவாரா?

முதல் தட்டில் பனிநாட்டு அம்மா ஒருத்தி தனியாகப் பியானோ வாசித்து, வாசிக்கும்போதே வாய்க்குள் முனகினாள். அதுதான் குளிர்ந்த அறை. இரண்டாவது தட்டை அந்த அறையில் வைத்துக் கேட்டபோது தளவாய் கண்ணாலேயே பார்த்தார். தட்டு ஓட ஓட எதிர்ச்சுவர் சத்தமில்லாமல், லாரி ரிவர்ஸ் எடுக்கிற வேகத்தில் பின்னால் போனது. கடைசிப் பாட்டு நின்ற பிறகுதான் குறுக்கே ஒரு சுவர் விழுந்து, அதில் நிலையும் கதவும் வந்து, புது அறை தனி அறை ஆயிற்று. அப்படியே ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அறை. பிளேயரை அவர் எப்போதும் கடைசி அறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது, ஒயரில் ஒயரை முடிச்சுப் போட்டு, பழைய அறையான முன்வீட்டுப் பிளக்கிலிருந்து கரண்ட் இழுத்துக்கொண்டார்.

வளவு அந்த அறைகளைப் பலாச்சுளை மாதிரி பங்கு போட்டுக்கொண்டது. குளிர்ந்த அறையில் பூக்காரி செல்வி மல்லிகைக் கூடையை வைத்தாள், மறுநாள் மத்தியானம் வரைக்கும் மொட்டு விரியாமல் இருந்தது. பாலைவனத்து ஆட்கள் கைதட்டிப் பாடின தட்டுக்கு வந்த அறையில் வெயிலே இல்லாமல் வற்றல் காய்ந்தது, காக்காய்த் தொல்லையும் இல்லை. தடித்த ஊதுகுழலும் மெதுவான டிரம்முமாக ஒரு தட்டு, அதன் அறையில் எப்போது நுழைந்தாலும் சாயங்காலம் நாலு மணி வெளிச்சம். டியூசன் வாத்தியார் பிள்ளைகளை அங்கே உட்கார்த்திவைத்தார், வீட்டுக்குப் போகிற நேரம் வந்துகொண்டே இருந்து வராமலே இருப்பதால் பிள்ளைகள் தவித்துப்போனார்கள். கூட்டமாகச் சேர்ந்து பாடின தட்டின் அறையில் கைக்குழந்தைகளைக் கிடத்தினால் தரையே அவர்களைத் தட்டிக்கொடுத்தது. இன்னொரு அறையில் யார் பேசினாலும் வார்த்தை நிதானமாகத்தான் வெளியே வந்தது. பாகப்பிரிவினை பேசுகிற அண்ணன் தம்பிகளை அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்தும் அங்கே கூட்டிவந்தார்கள். உலகத்திலேயே அதிகப் பரிசு வாங்கினது என்று அட்டையில் அச்சடித்திருந்த தட்டுக்கு, குனிந்து நுழைந்தாலும் தலை இடிக்கிற ஓர் அறை வந்தது. அதில் விறகு போட்டார்கள்.

நகராட்சி வீட்டுவரிக்காரர் ஒருநாள் வந்தார். வெளியே அளந்தார், வீடு பழைய நீளமே இருந்தது. உள்ளே அளந்தார், டேப் தீர்ந்துபோனது. வெளியளவுக்குத்தான் வரி என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வளவுக்காரர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கூச்சமும் போய், தட்டு அட்டைகளைப் புரட்டிப் பார்த்து நேயர் விருப்பம் கேட்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணாச்சி, இந்த அட்டையில ஜன்னல் படம் போட்டிருக்கான். இதப் போட்டீகன்னா காத்தோட்டமா வரும்லா?"

"அப்படியெல்லாம் கேக்கக்கூடாது" என்பார் தளவாய். "இதுக்குன்னு ஒரு வரிசை இருக்கு."

வளவில் பிச்சையா மட்டும் எந்த அறையையும் கேட்கவில்லை. "எனக்கு முத்தத்துலயே வெளிச்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஆனால் சிநேகிதன் எதையோ விழுந்து விழுந்து கேட்கிறானே என்று ஒரு சாயங்காலம் கத்தரிக்கோலைத் தோளில் கிடந்த துண்டில் சுற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அறை அறையாகக் கடந்து கடைசி அறைக்குப் போய்த் தளவாய்க்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உலகம்மாள் காப்பி கொண்டுபோயிருந்தாள், அதனால் அவளுக்கு எல்லாம் தெரியும். தட்டு கொஞ்ச நேரம் ஓடியது. பிச்சையா தொடையில் தாளம் போடப் பார்த்தார், தாளம் பிடிபடவில்லை. முன்பக்கம் முடிகிறபோது மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையோடு, "வேய் தளவாய், இதுல பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார்.

தளவாய் கண்ணைத் திறக்கவில்லை. "ஒம்ம காது மிஷின் சத்தம் கேட்ட காது வேய். இது ஒமக்கு ஏறாது" என்றார்.

பிச்சையா சிரித்தார். "சரிதான்" என்று சொல்லி, எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்பது போலத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் முற்றத்தில் ரேடியோ பாடும்போது அவர் யாருடனும் சண்டை போடவில்லை. தப்பாகச் சொன்னவனையும் தப்பாகவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டுத் துணியைப் பார்த்துத் தைத்தார்.

தூரம் கூடிக்கொண்டே போனது. தளவாய் ஆபீஸ் விட்டு வந்தால் செருப்பைக் கழற்றின காலோடு உள்ளே போய்விடுவார். முதலில் உலகம்மாள் காப்பியை டம்ளரில் கொண்டுபோனாள், ஆறிப்போகிறது என்று பிளாஸ்க் வாங்கினாள், அப்புறம் ராத்திரிச் சோற்றையும் தூக்குவாளியில் போட்டுக் கொண்டுபோனாள். மல்லிகைக் கூடையைத் தாண்டி, வற்றலைத் தாண்டி, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகளைத் தாண்டி, தூங்குகிற குழந்தைகளைத் தாண்டி அவள் போய்ச் சேரும்போது அவர் வேறொரு ஊரில் இருக்கிற மாதிரி இருப்பார். ஒருநாள் அங்கே ஓடிக்கொண்டிருந்த பாட்டில் ஓரிடம் அவளுக்குப் பிடித்திருந்தது. "இந்த எடம் நல்லாருக்கு, என்ன?" என்றாள். "ஒனக்குப் பிடிபடாது உலகு. மொத்தமாக் கேட்டாத்தான் தெரியும்" என்றார் அவர். எத்தனை வருசமாகத் தீர்ப்புச் சொன்னவள் அவள். தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வழி ரொம்ப நீளமாக இருந்தது, அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அந்த அறைகளில் ஒன்றுகூட வேண்டாம், அந்த ஆள் முற்றத்தில் வந்து உட்கார்ந்து கத்தினால் போதும் என்று இருந்தது.

கேட்டும் பார்த்தாள். "ஒருநா முன்னால வந்து உக்காருங்களேன். பிச்சையா அண்ணாச்சி ஒங்களப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்காக."

"இந்தப் பெட்டி முடியட்டும்" என்றார் தளவாய்.

நடுவில் ஒருநாள் தட்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. தளவாய் பிளேயருக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் தப்பித்தார். பின்னால் போய்க்கொண்டிருந்த சுவர் ஒரு நொடியில் பழைய இடத்துக்கு வந்து நின்றது, புதிதாக வந்திருந்த தரையில் வைத்திருந்த ஸ்டூலும் பிளாஸ்க்கும் எங்கேயோ போய்விட்டன. கொடவுனிலும் தேடிப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. ஆக, பாதியில் நின்றால் பாதி அறை போகும், அதற்குள் இருக்கிறதும் சேர்ந்து போகும் என்று வளவுக்குத் தெரிந்துபோனது. பாட்டு ஓடுகிற நேரத்தில் யாரும் பீஸ் பெட்டி பக்கம் போகக்கூடாது என்று தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். தளவாய் மட்டும் சாய்வு நாற்காலி ஒன்று வாங்கி, தட்டு ஓட ஆரம்பித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிற சுவருக்குப் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொள்வார். அங்கேதான் சத்தம் சுத்தமாகக் கேட்கிறது என்றார்.

பிச்சையா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவர், மிஷின் மேல் தலையைச் சாய்த்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவர் சம்சாரம் சொர்ணம் விசிறினாள். விசிறிக்கொண்டே இருந்தவள் பிறகு விசிறியைக் கீழே போட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, இன்றைக்கும் உண்டு. தெருவில் ஒரு சாவு என்றால் எடுக்கிற வரைக்கும் பக்கத்தில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், பாட்டுப் போட மாட்டார்கள். டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்துவார், எந்தக் கட்சி மைக்கும் தெருமுனையோடு வாயை மூடிக்கொள்ளும். வளவில் ஒவ்வொரு வீடாக ரேடியோ நின்றது. எல்லாம் நின்ற பிறகுதான், இத்தனை நாளும் பழகிப்போனதால் காதில் விழாமல் இருந்த ஒன்று எல்லோருக்கும் கேட்டது. தளவாய் வீட்டுக்கு உள்ளேயிருந்து, ரொம்ப உள்ளேயிருந்து, நூல் மாதிரி ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது.

பக்கத்து ஊரில் இருந்த மகன் வந்துசேர்ந்தான், உள்ளே ஒரு தட்டு முடிந்தால் அடுத்தது ஓடியது. நீர்மாலைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து உடம்பைக் குளிப்பாட்டினார்கள். பாடை கட்டியாயிற்று. கொட்டுக்காரர்கள் வந்து தோலைக் காய்ச்சிவிட்டு, அடிக்காமல் நின்றார்கள். "உள்ள ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்குல்லா. அதுக்குமேல நாங்க எப்படி அடிக்க? செத்தவருக்கு மரியாதையில்ல" என்றார் மூத்த கொட்டுக்காரர். வெளிச்சம் இருக்கும்போதே எடுக்க வேண்டும். பீஸைப் பிடுங்கலாம் என்று ஒருவர் சொன்னார். பிடுங்கினால் உள்ளே புதுத் தரையில் தளவாய் இருக்கிறாரே என்று இன்னொருவர் சொன்னார். ஒரே நாளில் இரண்டு பாடை கட்ட இந்த வளவில் ஆள் இல்லை என்று மூன்றாவது ஆள் சொன்னார். யாராவது போய்க் கூப்பிடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், ஒருத்தரும் நகரவில்லை. சொர்ணம் மட்டும் தலையை நிமிர்த்தி உலகம்மாளைப் பார்த்தாள்.

"அவுக வராம எங்க வீட்டு ஆளு கெளம்ப மாட்டாக மதினி" என்றாள். "சண்ட பாக்கி இருக்கு."

உலகம்மாள் எழுந்து உள்ளே போனாள். செல்வி அவசரத்தில் விட்டுப்போயிருந்த மல்லிகையின் குளிரைத் தாண்டி, வற்றல் நொறுங்குகிற தரையைத் தாண்டி, ஆளில்லாமல் நாலு மணி வெளிச்சம் மட்டும் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுகளைத் தாண்டி, ஒன்றும் தெரியாமல் தூங்கும் இரண்டு குழந்தைகளைத் தாண்டி, விறகு அறையில் குனிந்து நிமிர்ந்து, நிதான அறையில் அவள் அழுகைகூட நிதானமாக வர, பெயர் வைக்காத அறைகளையும் இன்னும் யாரும் பங்கு கேட்காத அறைகளையும் தாண்டித் தாண்டிக் கடைசி அறைக்கு வந்தாள். பிளேயர் சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் புதுத் தரை, புதுத் தரையின் கோடியில் சாய்வு நாற்காலி, நாற்காலியில் அவர்.

"பிச்சையா அண்ணாச்சி போயிட்டாக" என்றாள்.

தளவாய் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். கேட்டுவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது, அவர் உதடுகூட ஒருதரம் அசைந்தது. பிறகு கையைச் சற்றே உயர்த்தினார்.

"இன்னும் ரெண்டு பாட்டு" என்றார்.

பயந்துபோய்ச் சொல்லியிருந்தால், பாதியில் நிறுத்தினால் நான் போய்விடுவேனே என்று சொல்லியிருந்தால், அவள் அங்கேயே உட்கார்ந்து காத்திருப்பாள். அவர் பயத்தில் சொல்லவில்லை. குறுக்கே பேசின ஆளிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். உலகம்மாளுக்கு வந்த மாதிரிக் கோபம் அவள் வாழ்நாளில் அதுவரை வந்ததே இல்லை. அவள் புதுத் தரையில் இறங்கி நடந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் உதறினார். அவள் விடவில்லை. மூட்டை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு பிளேயர் வரைக்கும் வந்து, அவர் ஒரு கால் பழைய தரையிலும் ஒரு கால் புதுத் தரையிலுமாகத் திமிறிக்கொண்டு நின்றபோது, மற்றக் கையால் முள்ளைத் தூக்கினாள்.

சுவர் வந்து நின்றது. நாற்காலி போய்விட்டது. தளவாய் அவள் மேல் விழுந்தார், இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். கையிருக்கிறதா காலிருக்கிறதா என்று அவள் அவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. "வாங்க" என்றாள்.

முற்றத்தில் கொட்டு முழங்கியது. தளவாய் பாடைக்குத் தோள் கொடுத்தார். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் வந்தவர்கள், "அண்ணாச்சி, காலு தப்புது, அடிக்கு நடங்க" என்றார்கள். கொட்டின் அடிக்கு மூன்று தோள் ஏறி இறங்க, அவர் தோள் மட்டும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கி, பிச்சையா தலை அப்படியும் இப்படியும் ஆடியது. துக்கத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்து ஆளை மாற்றினார்கள். தளவாய் அழவில்லை. சுடுகாட்டிலும் அழவில்லை, குளித்துவிட்டு வந்தும் அழவில்லை.

காரியம் எல்லாம் கழிந்து முற்றத்தில் மறுபடி ரேடியோ போட்டபோதுதான் தெரிந்தது. அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார், பிறகு, "என்ன, ஸ்டேஷன் சரியா விழலயா? ஒரே இரைச்சலா இருக்கு" என்றார். ஸ்டேஷன் சரியாகத்தான் விழுந்திருந்தது. அவருக்குப் பேச்சு கேட்டது, பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது, துறைமுகத்துச் சங்கு கேட்டது. பாட்டு மட்டும் தகரத்தில் ஜல்லி கொட்டுகிற மாதிரி இருந்தது. பாதி அறையோடு எது போயிற்று என்று உலகம்மாளுக்கு விளங்கிவிட்டது. அவள் கைதான் முள்ளைத் தூக்கின கை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தாள். தூக்கியிருக்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

அறைகளும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. முன்கூட்டியே தெரிந்தது, சுண்ணாம்பு வாசம் திரும்ப வரும், மறுநாள் அறை இருக்காது. வளவுக்காரர்கள் சாமானை எடுத்துக்கொண்டார்கள், உலகம்மாள் பிளேயரை முன்வீட்டுக்குத் தூக்கிவந்தாள். தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிப்போய் அவரவர் உத்தரத்தில் தொட்டில் கட்டினார்கள். வற்றல் மொட்டைமாடிக்குப் போனது, காக்காய்கள் திரும்பி வந்தன. டியூசன் பிள்ளைகளுக்கு ஐந்து மணி அடித்தது. செல்வி மட்டும், "போகுது போங்க, பத்து நா கூட இருந்திருந்தா ஆவணி முகூர்த்தம் முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிக் கூடையைத் தூக்கினாள். பின்சுவர் பின்சுவராக ஆயிற்று, வளவு பழையபடி தும்மியது.

தளவாய் ஆபீஸ் போனார், வந்தார், முன்வீட்டில் உட்கார்ந்தார். உலகம்மாள் ஆசைப்பட்டது அதுதான், ஆனால் இப்படிக் கேட்டிருக்கவில்லை. எதிர்வீட்டுத் தையல் மிஷினுக்குச் சொர்ணம் உறை போட்டு மூடியிருந்தாள். சாயங்காலத்தில் அவர் அந்த உறையைப் பார்த்துக்கொண்டே இருப்பார், கேட்டால் தலையை ஆட்டுவார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, "அந்தத் தட்டு இன்னும் பிளேயர்லதான் இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்."

"ரெண்டு பாட்டு மீதி." அவள் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே, "நீ கேட்டுச் சொல்லேன்" என்றார்.

"எனக்குத்தான் பிடிபடாதுல்லா?" என்றாள் உலகம்மாள். சொல்லாமல் விட அவளால் முடியவில்லை, சொன்ன பிறகு மனசு லேசாகவும் இல்லை. தளவாய் குனிந்து ஓர் அவரைக்காயை எடுத்து நார் உரித்தார், அதை அவர் அதற்குமுன் செய்ததே இல்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மீதி இரண்டு பாட்டை மட்டும் அவள் போடவில்லை. முதலிலிருந்து போட்டாள். அவர் இரைச்சலுக்குக் காதை ஒடுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்க, அவள் சுவரில் சாய்ந்து, முன்பக்கமும் பின்பக்கமும், பிடிக்காத பாட்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, வரிசையாகக் கேட்டாள். சுவர் அசையவில்லை. அவளுக்கு அறை வரவில்லை, வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அன்றைக்கு முள்ளைத் தூக்கின இடம் கடந்துபோனது, ஒரு சின்னக் கீறல் சத்தத்தோடு.

"இது மொத மீதி" என்றாள். "சும்மா டான்ஸ் பாட்டு. கல்யாண வீட்டுல பொறத்தால நின்னு ஆடுவானுகள்லா, அப்படி. பெருசா ஒண்ணுமில்ல."

அவர் தலையாட்டினார்.

"இப்ப கடைசி." அவள் பேசாமல் கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார்.

"ரெண்டு ஊதுகுழலு. ரெண்டு பேரு பேசிக்கிட்டு வாராக. ஒருத்தரு ஒண்ணு சொன்னா இன்னொருத்தரு அப்படியில்லங்காரு. சத்தம் கூடுது. ரெண்டு பேருக்கும் கோவம், ஆனா சந்தோசமாத்தான் இருக்காக."

"அப்புறம்?"

"ஒருத்தரு நிறுத்திட்டாரு."

"எதுக்கு?"

"தெரியல. சொல்லல. இன்னொருத்தரு மட்டும் பேசுதாரு. ஒரு வரி பேசுதாரு, பொறவு சும்மா இருக்காரு. மறுபடி ஒரு வரி. அவரு பதில் சொல்லுத நேரம் வந்தா இவரு வாய மூடிக்கிடுதாரு. அந்த எடத்துல வேற ஒரு வாத்தியமும் வரல. அப்படியே விட்டுருக்கான்."

தளவாய் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அவரு வரவேயில்லயா?"

தட்டு முடிந்து முள் வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. உலகம்மாள் அதை எடுக்கவில்லை.

"பாட்டு முடிஞ்சிட்டு" என்றாள். "இவரு இன்னும் எடம் விட்டுக்கிட்டுதான் இருக்காரு."

பிச்சையா செத்ததற்குத் தளவாய் அன்றைக்குத்தான் அழுதார்.